டேட்டிங் ஆப்ல நிறத்தை ஏத்திப் போட்டோ போடலாமா?

வீரவநல்லூர் தம்பி
வயசு 29, பாளையங்கோட்டையில வேலை. ரெண்டு மாசம் முன்னால டேட்டிங் ஆப்ல சேர்ந்தேன். அதுக்குன்னு ஒரு ஸ்டுடியோவுல போட்டோ எடுத்தேன். நான் கேக்காமலே நிறத்தை ரெண்டு மூணு படி ஏத்தி, கன்னத்துல இருந்த அம்மைத் தழும்பையும் அழிச்சுக் குடுத்துட்டாங்க. பாக்க நல்லா இருந்துச்சு, போட்டுட்டேன். போன ஞாயித்துக்கிழமை வண்ணாரப்பேட்டையில ஒரு பொண்ணைப் பாத்துப் பேசப் போனேன். உக்காந்ததும் போனைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "வேற யாரோ போட்டோ மாதிரி இருக்கே"ன்னாங்க. பத்து நிமிஷத்துல கிளம்பிட்டாங்க. மனசே ஆறல. டச்சப் இல்லாமப் போட்டா யாராவது பேசுவாங்களா?

டவுன் ஸ்டுடியோக்காரன்
தம்பி, இருவது வருசமா இந்தத் தொழில்லதான் இருக்கேன். எங்கப்பா காலத்துல நெகட்டிவ் மேலயே பென்சிலால திருத்துவாவ. பொண்ணு வீட்டுக்கு அனுப்புத படத்தைத் திருத்தாமக் குடுத்தா, பெத்தவங்களே "கொஞ்சம் கலரா எடுத்துத் தாங்க"ன்னு திருப்பிக் கொண்டு வருதாவ. ஆப்ல வெரலை ஒரு இழு இழுத்தா நீ போயிட்ட. மொதல்ல நின்னு பாக்க வைக்கணும். குணமெல்லாம் அதுக்குப் பொறவுதான். நான் டச்சப் பக்கம்தான்.

பாளை டீச்சர்
அண்ணாச்சி, எதிர்ல உக்காருற பொண்ணு பக்கத்துல இருந்தும் பாருங்க. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரைப் பாக்கத் தனியா வாரோம். போட்டோவுல இருக்க ஆளும் வந்த ஆளும் ஒண்ணுதானான்னுதான் முதல்ல பாப்போம். அதுலயே வித்தியாசம் வந்தா, வேலை, வயசு, கல்யாணம் ஆனவரா இல்லையா, எல்லாத்துலயும் சந்தேகம் வந்துரும். அந்தப் பொண்ணு எழுந்து போனது தம்பியோட நிறத்துக்காக இருக்காது. பயந்திருப்பாங்க.

இன்னொண்ணு. எனக்கும் மாநிறம்தான். என் கல்யாண ஆல்பத்துல என் கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். இன்னைக்கும் அதை எடுத்துப் பாக்கப் பிடிக்கல.

டவுன் ஸ்டுடியோக்காரன்
டீச்சர், அது செஞ்சவன் கை சுத்தமில்ல. நல்லாச் செஞ்சா தெரியாது.

பாளை டீச்சர்
போட்டோவுல தெரியாது அண்ணாச்சி. நேர்ல தெரியும்லா?

கல்லிடை போன் கேமரா
முகத்தை மாத்தாமலே படத்தை நல்லா எடுக்கலாம். செல்ஃபி வேண்டாம் தம்பி. 2018ல அமெரிக்க டாக்டருங்க கணக்குப் போட்டுச் சொன்னாங்க: 12 அங்குலத்துல எடுத்தா, 5 அடி தள்ளி எடுக்கறதைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாத் தெரியும். கூட்டாளி ஒருத்தர்கிட்ட போனைக் குடுத்து ஆறடி தள்ளி நிக்கச் சொல்லுங்க. பின்கேமரா, 2 மடங்கு ஜூம், லென்ஸ் உங்க கண் உயரத்துல. முன்கேமராவுல பல போன்ல முகத்தை வழுவழுன்னு மாத்துற பியூட்டி மோடு தானாவே ஓடிக்கிட்டிருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

வெளிச்சம்தான் முக்கியம். நம்ம ஊரு உச்சி வெயில்ல நின்னா கண்ணுக்குக் கீழ குழி விழுந்த மாதிரி நிழல் விழும். தாமிரபரணிக் கரையில இருக்க குறுக்குத்துறைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போங்க. கல்மண்டபத்து உள்ள, விளிம்பை ஒட்டி, முகம் வெளிய பாக்க நில்லுங்க. தலைக்கு மேல நிழல், முன்னால திறந்த வானம். அந்த வெளிச்சத்துல மாநிறம் எவ்வளவு அழகா வரும்னு நீங்களே பாருங்க. வெள்ளைச் சட்டை வேண்டாம். பளீர்னு வெள்ளை இருந்தா கேமரா மொத்தப் படத்தையும் அடக்கிரும், முகம் இருட்டிரும். அதைப் பாத்துதான் "கருப்பா விழுந்துட்டேன்"னு நெனைச்சு நிறத்தை ஏத்துதோம். நீலமோ அரக்கோ போடுங்க. திரையில முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை லேசா ஏத்துங்க. அதுக்கு முன்னால லென்ஸைத் துடைங்க, பாதிப் பேர் அதைச் செய்யவே மாட்டாங்க.

டவுன் ஸ்டுடியோக்காரன்
வெளிச்சம் பத்திச் சொன்னது அத்தனையும் சரி. ஆனா முகப்பருவை எடுக்கதும் ஏமாத்தா?

பாளை டீச்சர்
பரு அடுத்த வாரம் இருக்காது, எடுங்க. தழும்பு அவரோடயே இருக்கும், அதைத் தொடாதீங்க. தம்பி, ஆபீஸ் அடையாள அட்டையும் வீட்டு வாசலும் படத்துல விழாமப் பாத்துக்கிடுங்க. கூட்டமா நிக்கிற போட்டோவை முதல் படமா வைக்காதீங்க, யாரு நீங்கன்னே தெரியாது.

வீரவநல்லூர் தம்பி
நேத்து சாயங்காலம் குறுக்குத்துறை போனோம். மச்சான்தான் எடுத்தான். நாப்பது எடுத்ததுல மூணு தேறிச்சு, கீழ போட்டுருக்கேன். தழும்பு தெரியுது. பழைய படத்தைத் தூக்கிட்டேன். அந்தப் பொண்ணுக்கும் மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிட்டேன். பதில் வரல.

டவுன் ஸ்டுடியோக்காரன்
நான் சொன்னதுல இருந்து எறங்கல தம்பி. ஆனா ரெண்டாவது படம் நல்லாருக்கு, கண்ணு பேசுது. காலர் மடிஞ்சிருக்கு பாரு. அதைச் சரி பண்ணி, அதே எடத்துல இன்னொருக்கா எடு.