சூளை ஜட்கா குடும்பம் (19 பேர்)

ஞாயிறு, காலை 7:12

மோகன் பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். ரமேஷின் அறுபதாம் கல்யாணத்துக்கு எத்தனை இலை என்று மண்டபக்காரர் இன்று மாலைக்குள் சொல்லச் சொல்கிறார். வைகாசி அனுஷம், மே கடைசி. புரசைவாக்கம் மண்டபம்தான், மாற்றம் இல்லை. வெளியூர்க்காரர்கள் உடனே பதில் போடவும்.

பத்மா அத்தை: நாங்கள் 4

திவ்யா: நாங்க 3. குட்டிக்குத் தனி இலை வேண்டாம்

ரமேஷ் சித்தப்பா: நான் 1. மாப்பிள்ளை.

அப்பா: 👍

அம்மா: கவிதா நீ மூன்று பேர்தானே

அம்மா: கவிதா

காலை 11:05

கவிதா அக்கா: நைட் டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன் அம்மா. வருவதாகத்தான் இருந்தோம். இப்போது கொஞ்சம் சந்தேகம். ஒரு குதிரை வாங்கலாம் என்று இருக்கிறோம்.

அம்மா: என்ன வாங்கலாம்??

கவிதா அக்கா: [புகைப்படம்]

கவிதா அக்கா: இதுதான் டாலி. ஒரு வருடமாக வாரம் இரண்டு நாள் நானும் ரியாவும் போய் ஓட்டுகிறோமே, அதே குதிரை. காப் வகை, பெண், 12 வயது, 14.2. உரிமையாளரான பெண்மணிக்கு முட்டி ஆபரேஷன், விற்கிறார்.

மோகன் பெரியப்பா: 14.2 அடியா? ஒட்டகச்சிவிங்கியா?

கவிதா அக்கா: அடி இல்லை பெரியப்பா, ஹேண்ட். ஒரு ஹேண்ட் 4 அங்குலம். 14 ஹேண்ட், மேலே 2 அங்குலம், ஆக 58 அங்குலம். தலை வரைக்கும் அளப்பதில்லை. பிடரி முடிகிற முதுகு மேடு வரைக்கும்தான்.

நான்: 4 அடி 10. ஆயா உயரம்.

ஆயா: [குரல் பதிவு 0:04]

நான்: ஆயா 4 அடி 11 என்கிறார்.

ரமேஷ் சித்தப்பா: காலில் என்ன பாவாடை கட்டியிருக்கிறீர்கள்?

கவிதா அக்கா: முடி சித்தப்பா 😄 முட்டிக்குக் கீழே அப்படித்தான் வளரும். இந்த இங்கிலாந்து லங்காஷயர் சேற்றில் அதைக் கழுவிக் காய வைப்பதற்குள் என் பாதி ஞாயிறு போய்விடும்.

அம்மா: எவ்வளவு

கவிதா அக்கா: 4,500 பவுண்டு கேட்கிறார்கள்.

அம்மா: 4,500 பவுனா????

நான்: பவுன் இல்லம்மா, பவுண்டு

ரமேஷ் சித்தப்பா: அத்தனை பவுன் இருந்தால் அந்தக் குதிரை நம்மை வாங்கியிருக்கும் அண்ணி

அம்மா: ரூபாயில் சொல்லு கார்த்தி

நான்: ஐந்து லட்சத்துக்கு மேலே வரும்

அம்மா: ஊரப்பாக்கத்தில் மனை பார்த்து வைத்தபோது கையில் பணமில்லை என்றாள்.

அப்பா: 👍

திவ்யா: பெரிய சித்தப்பா எதற்கு தம்ஸ் அப் போட்டார்?

ரமேஷ் சித்தப்பா: இது குதிரைப் பந்தயத்தில் ஓடுமா கவி? அறுபதுக்கு மொய் வேண்டாம், ஒரு டிப்ஸ் கொடு.

கவிதா அக்கா: பந்தயத்தில் ஓடுவது தோரோபிரட் இனம் சித்தப்பா, ஒல்லிக் கால், காகிதம் பறந்தாலே மிரளும். இவள் பக்கத்தில் டிராக்டர் போனாலும் புல்லிலிருந்து தலையை எடுக்க மாட்டாள். குட்டைக் கால், அகல முதுகு. அந்தக் காலத்தில் இந்த மாதிரிக் குதிரைதான் வார நாளில் கடைக்காரருக்கு வண்டி இழுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆளையும் சுமக்கும். நல்ல தடதட நடை, ஓட்டம் சுமார்தான்.

மோகன் பெரியப்பா: அப்போ ஜட்கா குதிரை என்று சொல்லு.

கவிதா அக்கா: அதேதான் பெரியப்பா. அதனால்தான் இங்கே போட்டேன்.

காலை 11:31

சேகர் மாமா: கவிதாவுக்கு ஆசிகள். நான் ஒன்றும் தடுக்கப் போவதில்லை. ஆனால் 1903-இல் தொடங்கிய நமது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில் 31 வருடம் இருந்தவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

ரமேஷ் சித்தப்பா: 1903-லிருந்து ஆரம்பிக்கிறார், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வாருங்கள்

சேகர் மாமா: முதலில், காப் என்பது ஓர் இனத்தின் பெயர் அல்ல, உடல்வாகின் பெயர். வெல்ஷ் காப் என்பது தனி இனம், அதற்குப் பதிவேடு உண்டு. மற்றபடி கட்டுமஸ்தாக, எலும்பு கனமாக, கால் குட்டையாக இருந்தால் பிரிட்டனில் காப் என்பார்கள். இரண்டாவது, இதுதான் முக்கியம். இவை ஏழை நிலத்துப் புல்லைத் தின்று வண்டி இழுத்த குதிரைகளின் வழி வந்தவை. கொஞ்சம் தின்றாலே உடம்பு போடும். இன்றைக்கு வேலை இல்லை, நல்ல புல் இருக்கிறது. கொழுப்பு சேரும், இன்சுலின் ஏறும், கடைசியில் லேமினைடிஸ். அதாவது குளம்பின் உள்சுவரையும் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும் மெல்லிய அடுக்குகள் பழுதாகும். நகக்கண்ணில் ஊசி ஏற்றிய வலி, அதுவும் முழு உடம்பின் எடையும் அந்த நகத்தின் மேல். முற்றினால் எலும்பே இடம் பெயர்ந்துவிடும். கருணைக்கொலை வரை போகும்.

பத்மா அத்தை: குட்டைக் கால், கொஞ்சம் தின்றாலே உடம்பு போடும், சுகர் வரும். நானும் காப்தான் போலிருக்கு.

ரமேஷ் சித்தப்பா: குடும்பமே காப் அக்கா

திவ்யா: 😂😂😂

அம்மா: நேற்று வெறும் வயிற்றில் இவருக்கு 168

அப்பா: 👎

கவிதா அக்கா: மாமா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கும் பயம் அதில்தான். உலர்புல்லை இரவெல்லாம் தண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்கிறோம். சர்க்கரை கொஞ்சம் இறங்கிவிடும்.

அம்மா: சோறு வடிக்கிற மாதிரி

கவிதா அக்கா: ஆமாம் அம்மா. மேயப் போகும்போது வாய்க்கூடை வேறு. அதோடு என்னைப் பார்ப்பாளே ஒரு பார்வை.

அம்மா: உங்கப்பா ராகிக் கூழைப் பார்ப்பது மாதிரியா

ஆயா: [குரல் பதிவு 0:11]

நான்: மாமாவுக்கு வாய்ஸ் கேட்காது என்பதால் எழுதுகிறேன். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. அந்தப் பிள்ளைக்குக் கொள்ளு வேகவைத்துப் போடச் சொல்லு" என்கிறார்.

திவ்யா: ஆயா கொள்ளு ரசம் எப்படி வைப்பீங்க? எனக்கு எப்பவும் கசப்பு வருது

பத்மா அத்தை: வறுத்து ஊற வை. முளை கட்டாதே. வெந்த தண்ணீரை மட்டும் எடு. பூண்டு நாலு தட்டிப் போடு

திவ்யா: வறுக்காமல் ஊற வைத்தேன் அத்தை

பத்மா அத்தை: அதான்

மோகன் பெரியப்பா: இலைக் கணக்கு கேட்டேன்.

மதியம் 12:10

ஆயா: [குரல் பதிவு 1:52]

நான்: இது நீளம். சுருக்கி எழுதுகிறேன். ஆயா கல்யாணமாகி வந்த புதிதில் கொள்ளுத் தாத்தா வீட்டில் ராணி என்று ஒரு குதிரை இருந்ததாம். விடியற்காலை ஆயாதான் அடுப்பில் கொள்ளு ஏற்றுவாராம். வெந்த கொள்ளு ராணிக்கு, வடித்த தண்ணீர் ரசமாகி நமக்கு. "ராணி பேரைச் சொல்லித்தான் நாங்கள் சாப்பிட்டோம்" என்கிறார். சென்ட்ரலில் ரயில் வந்து நின்றால் கொள்ளுத் தாத்தா வண்டி அங்கே நிற்கும். ஆனால் ஒரு நாள் வெளியூர் போனதில்லை. சொந்தத் தங்கை கல்யாணம் காஞ்சிபுரத்தில். முகூர்த்தத்துக்குப் போகவில்லை. குதிரைக்கு அன்று வயிற்று வலி, உருண்டு புரண்டதாம், ராத்திரி முழுக்க நடத்திக்கொண்டே இருந்தாராம். அந்தத் தங்கை சாகும்வரை பேசவில்லை.

சேகர் மாமா: கோலிக். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை வாயின் தசை அவ்வளவு இறுக்கம். அதனால்

ரமேஷ் சித்தப்பா: மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்

அம்மா: கேட்டாயா கவிதா. தங்கை கல்யாணத்துக்குப் போகவில்லையாம். நீ சித்தப்பா கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்கிறாய்.

கவிதா அக்கா: வர மாட்டேன் என்று சொல்லவில்லை அம்மா. மே கடைசியில் ரியாவுக்கு ஒரு வாரம் பள்ளி லீவு, டிக்கெட் பார்த்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில்தான் இங்கே புல் கிடுகிடு என்று வளரும், சர்க்கரை அதிகம். லேமினைடிஸுக்குப் பயப்படுகிற காலமே அதுதான். தினமும் குளம்பு சூடாக இருக்கிறதா, முன்காலை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கிறாளா என்று யாராவது பார்க்க வேண்டும். காசு கொடுத்து ஆள் வைக்கலாம். புதிதாக வாங்கிய குதிரையை முதல் மாதமே இன்னொருவரிடம் விட்டு வர மனசு வரவில்லை.

மோகன் பெரியப்பா: ஆடியில் வை என்கிறாயா? உனக்குப் பெரிய லீவு அப்போதுதானே.

பத்மா அத்தை: ஆடியில் யாராவது வைப்பார்களா அண்ணா

ரமேஷ் சித்தப்பா: ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய் நானே ஒரு குதிரை வாங்கித் தருகிறேன். கத்தியவார், மார்வாரி எல்லாம் வரும். காது இரண்டும் உள்பக்கம் வளைந்து முட்டும். காட்டினால் உன் டாலி வெட்கப்படும்.

கவிதா அக்கா: இங்கேயும் ஜூனில் ஆப்பிள்பி என்ற ஊரில் சந்தை கூடும் சித்தப்பா. ஜிப்சி மக்கள் குதிரைகளை ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். கறுப்பு வெள்ளைத் திட்டுப் போட்ட காப்தான் எங்கே பார்த்தாலும். போன வருடம் அங்கேதான் ரியா முதன்முதலில் பயப்படாமல் ஒரு குதிரையைத் தொட்டாள்.

சேகர் மாமா: கவிதா, சொந்தமாக வாங்காமல் இப்போது மாதிரியே வாரம் இரண்டு நாள் பங்குக்கு ஓட்டினால் என்ன? ஆசையும் தீரும், பொறுப்பும் இல்லை.

கவிதா அக்கா: வாங்குகிறவர் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டால்? அதுதான் மாமா. அதோடு ஒரே குதிரை எங்கள் மூன்று பேருக்கும் ஆகும். 85 கிலோ இருக்கிற அருணும் ஏறலாம், 9 வயது ரியாவும் ஏறலாம். வேறு குதிரை என்றால் ஆளுக்கொன்று வேண்டும்.

அம்மா: மாதம் எவ்வளவு ஆகும். அதைச் சொல்லு.

கவிதா அக்கா: வயல் வாடகை, குளிர்காலத்துக்கு உலர்புல், இன்சூரன்ஸ், பல் டாக்டர், பூச்சி மருந்து. வாங்குகிற விலை ஒன்றுமே இல்லை அம்மா. இவளுக்குக் குளம்பு கெட்டி, லாடம் வேண்டாம். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை செதுக்கிவிட்டால் போதும், அது ஒரு மிச்சம். ஆனால் முதுகு மேசை மாதிரி அகலம், கடையில் இருக்கிற சேணம் உட்காராது. அதற்குத் தனியாக அளவெடுக்க வேண்டும்.

மோகன் பெரியப்பா: செதுக்குவது நம் கார்த்தி செய்ய மாட்டானா, ஐடிஐ படித்தவன்தானே

நான்: பெரியப்பா

கவிதா அக்கா: லாடம் அடிக்கத்தான் பதிவு பெற்றவர் வேண்டும் என்று 1975-லிருந்தே சட்டம் பெரியப்பா. ஆனால் செதுக்குவதற்கும் பழகிய கை வேண்டும். குதிரைக்கு பாஸ்போர்ட்டும் கட்டாயம்.

அம்மா: குதிரைக்கு பாஸ்போர்ட்டா? என் பாஸ்போர்ட் புதுப்பிக்க மூன்று மாதமாக ஒருத்தன் அசையவில்லை இந்த வீட்டில்.

ரமேஷ் சித்தப்பா: அப்போ டாலியையும் கூட்டி வா. மாப்பிள்ளை அழைப்புக்கு ஆகும். எனக்கு அறுபது வயதில்தான் குதிரை ஊர்வலம் என்று எழுதியிருக்கிறது, முதல் கல்யாணத்தில் ஆட்டோ.

பத்மா அத்தை: முதல் கல்யாணத்தில் ஆட்டோ ஏன் என்று இங்கே சொல்லட்டுமா

ரமேஷ் சித்தப்பா: வேண்டாம்

அம்மா: பத்மா வேண்டாம்

கவிதா அக்கா: குறை இன்னொன்றும் இருக்கிறது, மறைக்கவில்லை. சாது என்று நம்பிக் கயிற்றைத் தளர விட்டால் போச்சு. அரை டன் உடம்பு. நல்ல புல் கண்ணில் பட்டால் இழுத்துக்கொண்டு போவாள், நாம் பின்னால் வழுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். போன மாதம் கேட் திறந்த கையோடு பக்கத்து வயலில் நின்றேன்.

பத்மா அத்தை: கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும்

சேகர் மாமா: காலில் அடர்த்தியான முடி இருக்கிறதே, அதற்குள் பூச்சி வரும். இரவில் காலைத் தரையில் உதைத்துக்கொண்டே இருந்தால் அதுதான். முடியை விலக்கித் தோல் தடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். புகைப்படத்தில் முடி மட்டும்தான் தெரிகிறது.

கவிதா அக்கா: வியாழக்கிழமை டாக்டர் வந்து முழுசாகப் பார்க்கிறார் மாமா. நிற்க வைத்து, நடக்க வைத்து, ஓட்டிப் பார்த்து, ரத்தம் எடுத்து. காலைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

மாலை 4:20

மோகன் பெரியப்பா: மண்டபக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். 310 என்று சொல்லியிருக்கிறேன். கவிதா 3 கேள்விக்குறி.

அம்மா: கேள்விக்குறி எல்லாம் வேண்டாம். சேர்த்துப் போடுங்கள். வருவாள்.

கவிதா அக்கா: அருணும் ரியாவும் கண்டிப்பாக வருவார்கள் பெரியப்பா. என்னை மட்டும் வியாழன் வரை விடுங்கள்.

அம்மா: மாப்பிள்ளை மட்டும் வந்தால் ஊர் என்ன கேட்கும்? குதிரைக்காக வரவில்லை என்று நான் சொல்லணுமா?

ரமேஷ் சித்தப்பா: தாராளமாகச் சொல்லுங்கள் அண்ணி. நம் வீட்டில் பழக்கம்தானே. ஆனால் கவி, நீ வராவிட்டால் சாகும்வரை பேச மாட்டேன், அதுவும் பழக்கம்தான்.

ஆயா: [குரல் பதிவு 0:38]

நான்: ஆயா: "ராணியை விற்ற அன்று மாமனார் சாப்பிடவில்லை. அதன் கழுத்து மணியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். வெண்கல மணி. அதைக் கவிதாவின் குதிரைக்குக் கொடுத்துவிடு மோகன்."

மோகன் பெரியப்பா: அம்மா அது கொட்டடியை இடித்துக் கடை கட்டும்போதே பழைய சாமானோடு போய்விட்டது.

பத்மா அத்தை: போன தீபாவளிக்கு உங்கள் பூஜை அலமாரியில் பார்த்தேனே அண்ணா

மோகன் பெரியப்பா: அது வேறு மணி.

பத்மா அத்தை: கொட்டடி இடமும் வேறு இடம்தான்

அம்மா: இங்கே வேண்டாம்

அப்பா: அது அதே மணிதான்.

திவ்யா: பெரிய சித்தப்பா டைப் பண்றாரா!!

மோகன் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரமேஷ் சித்தப்பா: நான் பார்த்துவிட்டேன் அண்ணா