மனைவியின் முதல் திருமணம்: பொன்னேரி கோர்ட் தீர்ப்பு நகலை என்விசி திருப்பி அனுப்பிவிட்டது, உதவுங்கள்

காலடிப்பேட்டை மருமகன்:

வணக்கம். நான் அமெரிக்கக் குடிமகன், டெக்ஸாஸில் வேலை. மனைவி திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் மாமியார் வீட்டில் இருக்கிறார். மனைவிக்காக நான் போட்ட ஐ-130 (குடும்பத்தினரை அழைக்கும் குடியேற்ற மனு) அப்ரூவ் ஆகி ஃபைல் என்விசிக்கு (அமெரிக்க தேசிய விசா மையம்) வந்துவிட்டது. சிக்கல் எல்லாம் மனைவியின் முதல் திருமணத்தில்தான்.

2011-இல் கோயிலில் கல்யாணம், பதிவு கிடையாது. மாப்பிள்ளை வீடு மீஞ்சூர். ஒத்துவராமல் 2014-இல் இருபக்கப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாளில் எழுதிப் பிரித்துவிட்டார்கள். அது செல்லாது என்று பிறகு யாரோ சொல்ல, இருவரும் சேர்ந்து பொன்னேரி சப் கோர்ட்டில் மனுப் போட்டு 2016-இல் பரஸ்பர சம்மத விவாகரத்து வாங்கினார்கள். எங்கள் திருமணம் 2021-இல், முறைப்படி பதிவானது.

ஐ-130 போடும்போது தீர்ப்பின் ஜெராக்ஸ்தான் வைத்தேன், ஒரு கேள்வியும் வரவில்லை. அதையே ஸ்கேன் செய்து என்விசியில் ஏற்றினால் சான்றிட்ட நகல் (கோர்ட்டே சீல் வைத்துத் தருவது) கேட்கிறார்கள். ஒரிஜினல் பழைய வக்கீலிடம் இருக்கிறது, அவர் போனே எடுப்பதில்லை. புது நகல் வாங்க என்ன வழி? முதல் கல்யாணத்துக்கு சர்டிபிகேட்டே இல்லையே, அதையும் கேட்பார்களா? டிஎஸ்-260-இல் (குடியேற்ற விசா விண்ணப்பம்) மணமுறிவுத் தேதி 2014-ஆ, 2016-ஆ?

ராயபுரத்தான்:

பாரிமுனையில் ஹைகோர்ட் வளாகத்திலேயே ஃபேமிலி கோர்ட் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள் தலைவா. இல்லையென்றால் அந்த முத்திரைத்தாளுக்கு நோட்டரி சீல் குத்தி ஏற்றுங்கள். என் மச்சான் அப்படித்தான் செய்யச் சொல்கிறான்.

நகல் மனு:

ராயபுரம் சகோ, தயவுசெய்து வேண்டாம். மச்சான் பேச்சைக் கேட்டால் ஃபைல் இன்னொரு முறை திரும்பி வரும்.

மருமகன் சார், வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். எந்த கோர்ட் தீர்ப்புச் சொன்னதோ அங்கேதான் நகல் கிடைக்கும். உங்கள் வழக்கு பொன்னேரியில் முடிந்தது, எனவே பாரிமுனைக்குப் போய்ப் பயனில்லை. முதலில் இ-கோர்ட்ஸ் தளத்தில் (கோர்ட் வழக்கு விவரம் பார்க்கும் அரசு இணையதளம்) திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி என்று எடுத்து, மனைவி பெயரும் மனுப் பதிவான வருடமும் கொடுத்துத் தேடுங்கள். எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மனு) என்று தொடங்கும் எண் வரும். (சென்னை ஃபேமிலி கோர்ட் என்றால் வெறும் ஓ.பி. என்றிருக்கும்.) பெயரை ஆங்கிலத்தில் எப்படி அடித்திருப்பார்களோ தெரியாது, ரெண்டு மூன்று விதமாகத் தேடுங்கள். அந்தத் தளத்திலிருந்து பிரிண்ட் எடுத்து என்விசியில் ஏற்றிவிடாதீர்கள். எண்ணைக் கண்டுபிடிக்க மட்டும்தான் அது.

எண் கிடைத்ததும் நகல் கேட்டு மனு. மனைவி அந்த வழக்கில் கட்சிக்காரர், அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் பொன்னேரி. மனுவில் 'ஃபேர் ஆர்டரும் (காரணங்களோடு முழு உத்தரவு) டிக்ரீட்டல் ஆர்டரும் (முடிவை மட்டும் சொல்லும் ஆணை)' என்று இரண்டையும் எழுதிக் கேளுங்கள். பலர் ஒன்றை மட்டும் வாங்கி வந்து மறுபடி அலைகிறார்கள். முடிந்த வழக்குக் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும், எடுத்துவர நாளாகும். கோபப்பட்டால் இன்னும் நாளாகும். கைக்கு வந்ததும் சீல், அதிகாரி கையெழுத்து, மனு கொடுத்த தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். சீல் பின்பக்கம் விழுந்திருந்தால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து, எல்லாப் பக்கத்தையும் ஒரே ஃபைலாக ஏற்றுங்கள். ஐ-130-ஐப் பார்க்கும் யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) தெளிவான ஜெராக்ஸையே ஏற்றுக்கொள்ளும், அதனால்தான் முன்பு கேள்வி வரவில்லை. விசாக் கட்டத்தில் ஒரிஜினலோ சான்றிட்ட நகலோதான் செல்லும். மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்கும் விசா இன்டர்வியூவுக்கும் அதைக் கையில் கொண்டுபோக வேண்டும்.

முதல் திருமண சர்டிபிகேட் என்விசி கேட்கும் ஆவணப் பட்டியலில் இல்லை. அது முறிந்ததற்கான ஆவணத்தைத்தான் கேட்கிறார்கள். தேதியில் சந்தேகமே வேண்டாம், 2016, தீர்ப்பில் உள்ள நாள். ஊர்ப் பெரியவர்கள் எழுதிய தாளால் மட்டும் சட்டப்படி மணமுறிவு ஆகிவிடாது. இந்து திருமணச் சட்டம் 29(2) வழக்கப்படியான மணமுறிவை விட்டுவைத்திருக்கிறது, ஆனால் அந்த வழக்கம் உண்டு என்று நிரூபிக்க வேண்டும். தீர்ப்பே கையில் இருக்கும் உங்களுக்கு அந்த வம்பு எதற்கு?

காசிமேட்டுப் பொண்ணு:

எனக்கு அந்த வம்புதான். என் வீட்டுக்காரருக்கு இது இரண்டாம் கல்யாணம், அவருடைய முதல் கல்யாணம் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்தது, கோர்ட் பக்கமே போகவில்லை. நாங்கள் என்ன செய்ய?

நகல் மனு:

ஃபேமிலி கோர்ட் வக்கீல் ஒருவரைப் பாருங்கள்மா. திருமண நிலை பற்றி உரிமை விளம்புகை (நிலை இதுதான் என்று கோர்ட் அறிவிப்பது) கேட்டு வழக்குப் போட, 1984 ஃபேமிலி கோர்ட் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. முதல் மனைவி சம்மதித்தால் இந்து திருமணச் சட்டம் 13பி-யில் பரஸ்பர சம்மத விவாகரத்து வாங்குவது சுலபம்தான். ஆனால் உங்கள் கல்யாணம் அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டதால் அது செல்லுமா என்ற கேள்வி எழும். அதைச் சரிசெய்யாமல் ஐ-130 போடாதீர்கள்.

மும்பை போய் வந்தவள்:

அண்ணா, ஒன்றை விட்டுவிட்டீர்கள், இனிஷியல். தீர்ப்பில் என் பெயர் முன்னாள் கணவர் இனிஷியலோடு இருந்தது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு. டிஎஸ்-260-இல் வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் இடத்தில் பழைய பெயரையும் எழுதினேன். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு அஃபிடவிட்டும் வைத்துக்கொண்டேன். பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் முன்னாள் கணவர் பெயர் இருந்தால் அதையும் பாருங்கள். இன்டர்வியூவில் முதல் கல்யாணத்தைப் பற்றி நேராகவே கேட்டார்கள், பதறாமல் சொன்னால் போதும்.

காலடிப்பேட்டை மருமகன்:

எல்லோருக்கும் நன்றி. எண் கிடைத்தது, மனைவியும் மாமியாரும் போய் நகல் மனு கொடுத்து வாங்கியும் விட்டார்கள். ஆர்டர் தமிழில் இருக்கிறது. இப்போது புதுக் குழப்பம்: 2021 சர்டிபிகேட்டில் மனைவியை 'மணமாகாதவர்' என்று போட்டிருக்கிறார்கள். படிவம் நிரப்பியவர் விசாரிக்காமல் எழுதியிருக்கிறார். இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

நகல் மனு:

விடாதீர்கள். பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் தீர்ப்பு நகலோடு திருத்த மனு கொடுத்து, அதன் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஃபைலைக் கிடப்பில் போடவும் வேண்டாம். என்விசியை ஒரு வருடம் தொடர்பே கொள்ளாமல் விட்டால் ஐ-130-ஐயே ரத்து செய்ய முடியும். ஐ-130, டிஎஸ்-260 இரண்டிலும் முதல் திருமணத்தைச் சொல்லியிருப்பதால் மறைத்ததாக ஆகாது. சர்டிபிகேட்டுக்குப் பொருந்த வேண்டுமென்று படிவத்தை மாற்றினால்தான் ஆபத்து, பொய்த் தகவல் என்று விசாவுக்கே நிரந்தரத் தடை வரலாம்.

தமிழ் ஆர்டருக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சீலில் உள்ள எழுத்து உட்பட எல்லாவற்றையும் பெயர்க்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு துல்லியமானது, தனக்கு இரு மொழியும் தெரியும் என்று செய்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நீங்களோ மனைவியோ செய்யாமல் வெளி ஆளிடம் கொடுங்கள். மூலமும் மொழிபெயர்ப்பும் ஒரே ஃபைலில் போகட்டும்.