முடியில்லா மண்ணெலியை எங்கே வைப்பது?

நண்பர்களே, ஆப்பிரிக்க மண்ணெலிகளின் (மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் கொறிவிலங்குகள், mole-rats) குடும்ப மரம் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன், ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டேன். பழைய புத்தகங்களில் முடியில்லா மண்ணெலியும் பாத்தியெர்ஜிடே குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. 2014-இல் விலங்கியலாளர்கள் பேட்டர்சனும் அப்ஹாமும் அதைப் பிரித்து ஹெட்டிரோசெஃபாலிடே என்று தனிக் குடும்பமாக்கிவிட்டார்கள், சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளை பிரிந்துவிட்டதாம்.

சரி, ஆனால் ஒரு ராணி மட்டும் குட்டி போட, மற்றவை வேலை பார்க்கும் வழக்கம் முடியில்லா மண்ணெலிக்கு மட்டுமல்ல, டமராலாந்து மண்ணெலிக்கும் உண்டே, அது இன்னும் பாத்தியெர்ஜிடேயில்தான் இருக்கிறது! அப்படியானால் இந்த வழக்கம் இரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியதா, இல்லை பொது மூதாதையிடமே இருந்து, தனியாக வாழும் கேப் மண்ணெலி போன்றவை பிறகு கைவிட்டனவா? (பெயர்தான் எலி, உறவு முள்ளம்பன்றியோடும் கினிப்பன்றியோடும், அது வேறு தலைவலி.) மரத்தில் இதை எப்படிக் காட்டலாம்? விலங்கியல் படித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.