டார்க் ரைடில் செல்போன்: ஃபிளாஷை அணைத்தால் மட்டும் போதுமா?

நிழல்குதிரை
இருட்டான அரங்குக்குள் வண்டியில் உட்கார்ந்து காட்சிகளைப் பார்த்துக்கொண்டே போவதுதான் டார்க் ரைடு. அங்கே பொழுதுபோக்குப் பூங்காக்கள் ஒலிபெருக்கியில் தொண்டை கிழிய "ஃபிளாஷ் வேண்டாம்" என்கின்றன. ஜனங்களும் ஃபிளாஷை அணைத்துவிடுகிறார்கள். அப்புறம் போனைத் தலைக்கு மேல் தூக்கி, ஸ்கிரீன் முழு வெளிச்சத்தில் எரிய எரிய, ரைடு முடியும்வரை வீடியோ எடுக்கிறார்கள். பின்சீட்டுக்காரருக்குப் பேய் தெரிவதில்லை, போனுக்குள் இருக்கும் குட்டிப் பேய்தான் தெரிகிறது. என் கட்சி இதுதான்: வண்டியில் ஏறினால் போன் பைக்குள். விதிவிலக்கு கிடையாது.

கட்டைவிரல்
விதிவிலக்கே கிடையாதா? கொஞ்சம் ஓவர், நண்பரே. ஃபிளாஷ் தப்பு, டார்ச் அதைவிடத் தப்பு, சரி. ஆனால் பிரைட்னஸை அடிமட்டத்துக்கு இறக்கி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்து எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? டிஸ்னி பூங்காக்கள் 2015-இல் செல்ஃபி ஸ்டிக்கைத்தான் தடை செய்தன, போனை அல்ல.

நிழல்குதிரை
நஷ்டம் கண்ணுக்கு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். விழித்திரையில் ரோடாப்சின் என்ற நிறமி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால்தான் மங்கலான உருவங்கள் புலப்படும். பளிச்சென்று ஒரு வெளிச்சம் பட்டால் அது சிதைந்துபோய், மறுபடி சேர நேரம் எடுக்கும். ரைடு ஓடுவதே சில நிமிடங்கள். நீங்கள் பிரைட்னஸை இறக்குவீர்கள், நம்புகிறேன். பக்கத்து சீட்டுக்காரர் இறக்குவாரா? எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று அங்கேயே கேலரியைத் திறப்பவர்களை என்ன செய்வது?

பழைய ஆபரேட்டர்
ரைடு இயக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் உள்ளே வருகிறேன். கட்டுப்பாட்டு அறையில் எங்களுக்கு அகச்சிவப்பு கேமரா உண்டு. இருட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று நன்றாகவே தெரியும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்!

ஃபிளாஷ் போட்டால் படமும் வராது. தூரம் இரண்டு மடங்கானால் பொருளின் மேல் விழும் வெளிச்சம் கால்வாசிதான். போனின் குட்டி எல்இடி முன்சீட்டுத் தலைமுடியை அழகாகக் காட்டும், அவ்வளவே. 'பெப்பர்ஸ் கோஸ்ட்' என்று ஒரு உத்தி, 1862-இல் லண்டனில் காட்டப்பட்டுப் பிரபலமானது. பெரிய கண்ணாடி ஒன்றை நிறுத்தி, பார்வையாளர் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கும் உருவத்தின் மேல் விளக்கைப் போடுவார்கள். அதன் பிம்பம் கண்ணாடியில் விழுந்து காற்றில் மிதக்கும். டிஸ்னிலாந்தில் 1969-இல் திறந்த ஹாண்டட் மேன்ஷனில் நடனமாடும் பேய்கள் இந்த வகைதான். அங்கே ஒருவர் ஃபிளாஷ் அடித்தால் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு பொட்டு தெறிக்கும், மாயம் அங்கேயே செத்துப்போகும். புறஊதா விளக்கில் ஒளிரும் பெயின்ட் அடித்த காட்சிகளும் அப்படியே. வெள்ளை வெளிச்சம் பட்டால் வெறும் அட்டையும் பிளைவுட்டும்தான்.

இதையெல்லாம்விட எங்களைப் படுத்தியது கீழே விழுந்த போன்கள். ஒருவர் போனைப் பிடிக்க லேப் பாருக்கு (மடிமேல் இறங்கும் பாதுகாப்புக் கம்பி) அடியில் நழுவி, பாதி உடம்பை வெளியே நீட்டிவிட்டார். ரைடை நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டு, அவரை உட்கார வைத்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டினோம். அன்றைக்கு அந்தச் சுற்றில் வந்த அத்தனை பேரும் பேயின் மின்சார வயரைப் பார்த்தார்கள்.

மின்மினி அம்மா
எல்லோரும் திட்டித் தீர்க்கும் அந்த வீடியோக்களுக்கு நான் நன்றி சொல்லும் கட்சி. என் பையனுக்கு ஆட்டிசம். திடீர்ச் சத்தம், திடீர் இருட்டு இரண்டும் அவனுக்கு ஆகாது. யாரோ முன்சீட்டிலிருந்து முழு ரைடையும் எடுத்துப் போட்ட வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, "இங்கே கதவு சாத்தும், இங்கே ஒருத்தன் கத்துவான்" என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தான். சிரித்துக்கொண்டே இறங்கினான். பூங்காவின் விளம்பரப் படத்தில் எந்த வளைவில் என்ன வரும் என்று சொல்ல மாட்டார்கள்.

நிழல்குதிரை
சகோதரி, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அதற்கு ஒரு நல்ல வீடியோ போதுமே? வண்டிக்கு ஆறு பேர் ஆறு போனில் எடுக்க வேண்டுமா? அதுவும் உருப்படியாகவா வருகிறது? வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 1/30 வினாடிக்கு மேல் வெளிச்சம் வாங்க முடியாது. இருட்டில் போன், படத்தைச் செயற்கையாகப் பிரகாசமாக்கும் ஐஎஸ்ஓவை ஏற்றித் தள்ளும். மிச்சம் புள்ளி புள்ளியாக ஒரு கறுப்பு. நைட் மோடில் போட்டோ எடுக்கலாமென்றால் அது சில வினாடி அசையாமல் இருக்கச் சொல்லும், வண்டியோ நகர்ந்துகொண்டே இருக்கும்.

கட்டைவிரல்
புள்ளி புள்ளியாக இருந்தாலும் என் வீடியோவில் என் தங்கை அலறும் சத்தம் இருக்கிறது. அந்த "நல்ல வீடியோ"வில் அது இருக்காது. போனை விடுங்கள், மணிக்கட்டைப் பாருங்கள். பயத்தில் கையைத் தூக்கும்போதெல்லாம் ஸ்மார்ட் வாட்ச் பளீரென்று எரிகிறது. கையைத் தூக்கினாலும் ஸ்கிரீன் எரியாமல் வைக்கும் தியேட்டர் மோட் என்று ஒன்று இருப்பதே பாதிப்பேருக்குத் தெரியாது. அதை யாரும் அறிவிப்பதில்லை.

லேசர்மணி
லேசர் ஷோக்களுக்கு ஒரு எச்சரிக்கை: கதிர் நேராக லென்ஸில் விழுந்தால் கேமரா சென்சார் கெட்டுப்போகலாம். அப்புறம் எடுக்கும் எல்லாப் படத்திலும் ஒரு கோடோ புள்ளியோ நிற்கும். அந்தரத்தில் கயிற்றில் தொங்கும் கலைஞர் முன்னால் ஃபிளாஷ் அடிப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

மின்மினி அம்மா
பூங்காவே ஒரு வழி செய்யலாம். முழு ரைடு வீடியோவை அவர்களே வெளியிடட்டும். இல்லையென்றால் தினமும் ஒரு சுற்றைப் படம் எடுப்பவர்களுக்கு என்று ஒதுக்கட்டும்.

நிழல்குதிரை
அந்தச் சுற்றுக்கு நான் வர மாட்டேன், ஆனால் ஆதரிக்கிறேன். மற்ற எல்லாச் சுற்றிலும் போன் பைக்குள்.

கட்டைவிரல்
காலையில் முதல் சுற்று என்றால் பார்க்கலாம். ராத்திரி கடைசியில் தள்ளினார்கள் என்றால் நான் வழக்கம்போல நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான் வருவேன்.