கலைச்சொல் வேண்டும்: மென்பொருள் காசு பிடுங்கப்போவதன் அடையாளங்களுக்கு

பாளையங்கோட்டை, கல்லூரி ஆசிரியர்:
அண்ணாச்சிமாரே, திங்கட்கிழமை வகுப்புக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும். சில மென்பொருள்கள் இலவசமாகப் பழக்கிவிட்டு, விட்டுப்போக முடியாது என்றானதும் பிடுங்க ஆரம்பிக்கின்றன. குறிப்பெடுக்கும் செயலியான எவர்நோட் 2022 இறுதியில் வேறு நிறுவனத்துக்குக் கைமாறுகிறது என்றார்கள். 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புதான். இப்படி ஆகப்போகிறது என்று முன்னாலேயே தெரியும் அடையாளங்களை என்னவென்பது? ‘கடுங்காசாக்க முன்னறிகுறி’ என்று எழுதினேன், பையன்கள் சிரிக்கிறார்கள்.

தென்காசி:
சிரிக்காமல்? கன்றுக்குச் சொட்டு விடாமல் கறப்பதை ஒட்டக் கறப்பது என்போமே. ‘ஒட்டக்கறவைக் குறி’ போடுங்கள்.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கறவை என்றால் மாடு. செயலுக்குக் கறப்பு. அறிகுறி நோய்க்குரியது. வருவதை முன்னுணர்த்த ‘விரிச்சி’ இருக்கிறதே, காதில் விழும் சொல்லை நிமித்தமாகக் கொள்வது! தொல்காப்பியத்தில், ஆநிரை கவரும் வெட்சித் திணையில் ‘பாக்கத்து விரிச்சி’. முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி நின்றது எதற்கு?

திருநெல்வேலி, நிரலர்:
ஐயா, அவர்கள் கேட்டது நற்சொல். அதுவும் தற்செயலாகக் காதில் விழுவது. இது தோண்டிப் பார்ப்பது. நிரலை எல்லாருக்கும் திறந்துவைக்கும் திறமூலத் திட்டம் என்றால் நான் முதலில் பார்ப்பது, பங்களிப்பவரிடம் உரிமையை எழுதி வாங்குகிறார்களா என்பதைத்தான். எல்லா உரிமையும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் யாரையும் கேட்காமல் உரிமத்தை மாற்றலாம். சேவையகங்களை நிரல் எழுதி அமைக்கும் கருவியான டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்டில் திறமூல உரிமத்தை விட்டது; அதிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற திறமூலத் திட்டம் தனியாகப் பிரிந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் (கெர்னல்) அது நடக்காது, பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. அப்புறம், நெட்டே தேவைப்படாத செயலி திடீரென்று லாகின் கேட்கும். நம் தரவை வெளியே எடுக்கும் பொத்தான் மெனுவுக்குள் மெனுவாகப் போய் ஒளியும்.

அம்பாசமுத்திரம்:
தீச்சொல்லும் விரிச்சியே. ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்த’ என்று அறிவிப்பு வந்தால் அதைவிடத் தீவிரிச்சி உண்டா?

தூத்துக்குடி:
ஏன்வே, படிக்கிற பிள்ளைக்குப் புரிய வேண்டாமா? ‘பிடுங்கல் அறிகுறி’ போதும்.

அம்பாசமுத்திரம்:
பிடுங்கலைப் பாடநூலில் அச்சிடுவீரா?

தூத்துக்குடி:
நாற்றைப் பிடுங்கினால் மட்டும் நல்ல சொல்லாக்கும்!

தென்காசி:
சரி, கறவையை விட்டேன். ‘ஒட்டக்கறப்பு அறிகுறிகள்’. ‘ஒட்ட’ என்ற எச்சம் தொழிற்பெயரோடு சேரும், இலக்கணமும் இடிக்காது.

திருநெல்வேலி:
எனக்குச் சம்மதம். இதற்குமேல் இழுக்கத் தெம்பில்லை.

பாளையங்கோட்டை:
அதையே போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அடைப்புக்குறிக்குள் ‘பிடுங்கல்’ என்றும் இருக்கிறது, ஐயா பொறுத்தருள்க.

அம்பாசமுத்திரம்:
‘அறிகுறி’யை நான் ஏற்கவில்லை. விரிச்சிக்குத் தனி இழை தொடங்குகிறேன்.