மடக்கு வேலைமேசை: வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அனுபவங்கள்

சென்னையிலிருந்து

அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் மரவேலை செய்கிறவனுக்கு வேலைமேசை என்பது, வேலை முடிந்ததும் மடங்கிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிட வேண்டிய பொருள். நம் ஆசாரிமார் வழிவழியாகத் தரையில் உட்கார்ந்து, பலகையைப் பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழைத்துப் பழகியவர்கள். நின்றபடி வேலை செய்யும் மடக்குமேசையைத் தேடிப் பாரிமுனைக் கடைகளில் ஏறி இறங்கியபோது, பற்றவைத்த இரும்புக் கால்களையும், மரத்தைத் திருகி இறுக்கிப் பிடிக்கும் கனத்த வைஸையும்தான் காட்டினார்கள். அதன் பிறகே வெளிநாட்டுக் கடைகளின் பக்கம் திரும்பினேன். அங்கே பார்த்ததையும் முடிவில் செய்ததையும் எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விளம்பரங்கள் எல்லாம் "இத்தனை கிலோ தாங்கும்" என்பதையே பெரிய எழுத்தில் போடுகின்றன. ஆனால் ஒரு தேக்குப் பலகையை இழைக்கும்போது மேசையின் மேல் இறங்கும் எடை ஒரு பொருட்டே அல்ல. இழைப்புளியை முன்னே தள்ளும்போதெல்லாம் மேசையையும் சேர்த்தே தள்ளுகிறோம். கால்கள் கீலில் ஆடத் தொடங்கினால் அலகு மரத்தைக் கடிக்காமல் துள்ளுகிறது, சீவல் நாடாவாகச் சுருண்டு வராமல் துணுக்குத் துணுக்காக உதிர்கிறது. நேரில் தொட்டுப் பார்க்க வழியில்லாததால், கால்களுக்கு இடையே சாய்வுச் சட்டம் ஓடுகிறதா என்பதைப் படத்தில் முதலில் தேடினேன். அடுத்து மேசையின் சொந்த எடையைப் பார்த்தேன். மடக்குமேசை எடை குறைந்திருப்பது தூக்குவதற்கு வசதிதான். ஆனால் பத்துப் பதினைந்து கிலோ மேசை வழவழப்பான டைல்ஸ் தரையில் இழைப்புளியோடு சேர்ந்து தானும் பயணம் கிளம்பிவிடும்.

இந்த வகையில் மூத்தது, கருவி நிறுவனமான பிளாக் அண்ட் டெக்கரின் வொர்க்மேட் மடக்குமேசை. அதை உருவாக்கிய ரான் ஹிக்மன், தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் லோட்டஸ் எலான் காரை வடிவமைத்தவர். நாற்காலியின் மேல் பலகையை வைத்து அறுத்தபோது நாற்காலியும் சேர்ந்து அறுபட்டதில் 1961இல் பிறந்த யோசனை இது என்பார்கள். நிறுவனங்கள் முதலில் கைவிரித்துவிட, அவரே தயாரித்து விற்றார். பிளாக் அண்ட் டெக்கர் அதை எடுத்துக்கொண்டது 1970களின் தொடக்கத்தில்தான். மேற்பலகை இரண்டாகப் பிரிந்து தானே ஒரு வைஸாக வேலை செய்வதும், இரு கைப்பிடிகளும் தனித்தனியே சுழல்வதால் ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய மரத்தையும் பிடித்துக்கொள்வதும் எல்லோரும் சொல்வதே. என் கணக்கில் அதன் சூட்சுமம் கீழேயுள்ள மிதிபடியில் இருக்கிறது. அதில் ஒரு காலை ஊன்றிக்கொண்டால், மேசைக்கு இல்லாத எடையை நம் உடம்பு கொடுத்துவிடுகிறது. இதைப் பார்த்துச் செய்த மலிவான மேசைகள் சிலவற்றில் அந்தப் படியையே காணோம்.

ஜெர்மன் கருவி நிறுவனமான ஃபெஸ்டூலின் எம்எஃப்டி 3 மேசை வேறு ரகம். ஏறத்தாழ 28 கிலோ எடை, மடங்கும் கால்கள், 96 மில்லிமீட்டர் இடைவெளியில் 20 மில்லிமீட்டர் துளைகள் போட்ட, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் மேற்பலகை. தடத்தில் ஓடும் வட்ட ரம்பமும், மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டரும் வைத்திருப்பவர்களுக்கு அதைப் போல வசதி கிடையாது. கையால் இழைப்பவரை மனத்தில் வைத்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனி வரவழைக்கும் கதை. விரைவு கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணை, உண்மை எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. 28 கிலோ மேசை 120 × 80 × 20 அளவுள்ள பெட்டியில் வருவதாக வைத்துக்கொண்டால் 38.4 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். சுங்கவரி, பொருளின் விலையோடு சரக்குக் கட்டணத்தையும் காப்பீட்டையும் கூட்டிய தொகைக்கு விதிக்கப்படுகிறது. அந்த வரியையும் சேர்த்த தொகையின் மேல் ஐஜிஎஸ்டி என்னும் சரக்கு, சேவை வரி ஏறுகிறது. ஆக, பெரிய பெட்டி என்றால் இரண்டு இடத்திலும் அடி. உறவினரை அன்பளிப்பாக அனுப்பச் சொல்லலாம் என்று இன்னும் சிலர் யோசனை சொல்கிறார்கள். 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த சலுகை, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் தவிர, 2019 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, பலகையையும் காற்றையும் விமானத்தில் ஏற்றிவரப் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முன்புற வைஸுக்கான ஒரு ஜோடித் திருகும், துளையில் இறக்கித் தட்டினால் மரத்தை அமுக்கிப் பிடிக்கும் வளைந்த இரும்புப் பிடிகளும் மட்டும் வரவழைத்தேன். சிறிய பெட்டி, உண்மை எடைக்கே கட்டணம். 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை ஒட்டி மேற்பலகை ஆயிற்று. அந்த இரும்புப் பிடிகளுக்கு அந்தத் தடிமன் போதாது என்பதால், துளை வரும் இடங்களில் அடிப்பக்கம் கட்டை ஒட்டினேன். கால்களை எங்கள் தெரு ஆசாரி வேங்கையில் செய்து, போல்ட்டைக் கழற்றினால் பிரிந்துவிடும்படி மாட்டிக்கொடுத்தார்.

சிங்கப்பூரிலிருந்து

சென்னை நண்பரின் வழி எனக்குச் சாத்தியப்படவில்லை. மரம் அறுத்துத் தர ஆளும் கிடையாது, வீட்டில் அறுக்க இடமும் கிடையாது. ஆகவே ஐரோப்பாவிலிருந்து முழு மேசையாகவே வரவழைத்தேன். இங்கே வரி எளிது: 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேற்பட்டால் பொருள் வந்து சேரும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி, அதற்குட்பட்டால் பதிவுபெற்ற விற்பனையாளரே விலையோடு வாங்கிவிடுகிறார்.

தொல்லை வேறு இடத்தில் வந்தது. பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. உள்ளே ஒரு காலின் குழாய், கீல் பொருந்தும் இடத்தில் நெளிந்திருந்தது. விற்றவர்கள், உத்தரவாதம் தங்கள் நாட்டுக்குள் மட்டுமே செல்லும் என்றும், கால் தனி உதிரிப்பாகமாக விற்கப்படுவதில்லை என்றும் மரியாதையாக எழுதினார்கள். பெட்டியைப் பிரிக்கும் முன்பே நான்கு புறமும் எடுத்துவைத்த படங்களைக் காட்டி, கூரியர் காப்பீட்டில்தான் ஒரு பகுதியை மீட்டேன். பணம் கட்டுவதற்கு முன் விற்பனையாளரிடம் நான் இப்போது கேட்பது, கால், கைப்பிடி, திருகு ஆகியவை தனியாகக் கிடைக்குமா என்பதைத்தான். அதற்கு நேரான பதில் வராத இடத்தில் நான் வாங்குவதில்லை.

இன்னொன்று. மரத்தைக் கவ்விப் பிடிக்கும் தாடைப் பலகைகள் பீச் (beech) மரம். அது ஈரத்துக்கு நன்றாகவே உப்பும் மரம். உலர்ந்த நாட்டில் செய்தது இங்கே வந்த சில வாரங்களில் தடம் இறுகி நகர மறுத்தது. ஓரத்தைச் சிறிது இழைத்து, எல்லாப் பக்கமும், குறிப்பாக முனைகளில், எண்ணெய் பூசிய பிறகு சரியாயிற்று.

கோவையிலிருந்து

வைஸின் திருகைக்கூட வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. இங்குள்ள லேத் பட்டறையில் 25 மில்லிமீட்டர் இரும்புத் தண்டில் சதுர மரை வெட்டி, கன்மெட்டல் என்னும் வெண்கல வகை நட் போட்டுக் கொடுத்தார்கள். சுற்றும்போது கை உணரும் அந்த வழுக்கலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வரவழைப்பவர்கள் துளையளவைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பொருள்கள் பெரும்பாலும் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர், எம்எஃப்டி வகையோ 20. மரம் நகராமல் தடுக்கத் துளையில் செருகும் முளை அமெரிக்க அளவில் இருந்து, அதை 20 துளையில் இறக்கினால் லொடலொடவென்று ஆடும்; 20 முளையோ அமெரிக்க அளவுத் துளையில் நுழையவே நுழையாது. வளைந்த இரும்புப் பிடிகளுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை, அவை சாய்ந்துதான் பிடிக்கின்றன. முளைகளுக்கு அப்படி அல்ல. பொருள் கையில் வந்த பிறகு, ஒரு கழிவுக் கட்டையில் துளையிட்டு அதில் இறக்கிப் பார்த்துவிட்டு, பிறகு மேற்பலகையில் துரப்பணத்தை வைப்பது நல்லது.