மாட்ரிட்டிலிருந்து: பகலில் போய்வருவதா, இரவு தங்குவதா?

அம்மாவுடன் சென்றுவந்த உறுப்பினர்:

மாட்ரிட்டில் தங்கி, அதைச் சுற்றியுள்ள பழைய ஊர்களைப் பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் தொலைவை வைத்தே முடிவெடுக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிட முடிந்தால் காலையில் போய் மாலையில் திரும்புவது, அதற்கு மேலானால் இரவு தங்குவது என்பது அவர்கள் கணக்கு. நானும் அப்படித்தான் கணக்கிட்டேன். அந்தக் கணக்கு எனக்குப் பொய்த்துப்போன ஊர், நன்கு அறியப்பட்ட ஊர்களில் மிக விரைவாகச் சென்றடையக்கூடியவற்றில் ஒன்றான டொலேடோ.

அலுவலகப் பணியாக ஒரு ஜூன் மாதம் மாட்ரிட் சென்றிருந்தபோது எனக்கு ஒரேயொரு நாள் ஓய்வு கிடைத்தது. மாட்ரிட்டின் அட்டோச்சா நிலையத்தில் அவாந்த் என்ற வேக ரயிலில் ஏறினால் 33 நிமிடங்களில் டொலேடோ வந்துவிடுகிறது. தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைந்தோட, பாறைக் குன்றின்மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஊர் அது. மன்னர் இரண்டாம் ஃபெலிப்பே 1561இல் தம் அரசவையை அங்கிருந்துதான் மாட்ரிட்டுக்கு மாற்றினார். 1226இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தையும், வெள்ளைத் தூண்களின்மேல் குதிரைலாட வடிவ வளைவுகள் வரிசையாக நிற்கும் சாந்தா மரியா லா பிளாங்கா என்ற பழைய யூத வழிபாட்டிடத்தையும் பார்த்தேன். ஆனால் சோகோதோவேர் சதுக்கத்திலிருந்து பேராலயம் வரையுள்ள தெருவில் என் கண்ணில் பட்டவை முன்னே சென்றவர்களின் முதுகுப்பைகள் மட்டுமே. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைவது பத்து மணிக்குச் சற்று முன்புதான். நான் பிடித்த கடைசி ரயில் ஒன்பதரை மணியளவில் புறப்பட்டுவிட்டது. ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே ஊரைவிட்டு வந்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே ஜூன் மாதத்தில், அம்மாவை அழைத்துக்கொண்டு சென்றபோது டொலேடோவில் இரண்டு இரவுகள் தங்கினோம். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி வேறு. நகர மதிலுக்கு வெளியிலிருந்து மேலே ஏறுவதற்கு ரெக்கரேதோ சாலையருகே நகரும் படிக்கட்டுகள் இருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். முதல் முறை அந்த ஏற்றத்தை வெயிலில் நடந்தே ஏறியிருந்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு வெயில் பொறுக்க முடியாதபோது அறைக்குத் திரும்பி அம்மாவைப் படுக்கவைக்க முடிந்ததே இரவு தங்கியதால் கிடைத்த முதல் பயன். அறையின் உரிமையாளரான முதிய பெண்மணி, எங்களுக்குப் புரியட்டும் என்று பத்து விரல்களையும் விரித்துக்காட்டி, பத்து மணிக்குப் பிறகு வெளியே போங்கள் என்று மெதுவான ஸ்பானிய மொழியில் சொன்னார்.

அப்படியே போனோம். சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் திரும்பிவிட்டிருந்தன. பேராலயத்தின் பக்கச் சுவரை ஒட்டி நடக்கையில் எங்கள் காலடியோசை எங்களுக்கே கேட்டது. கோயில் நடை சாத்திய பிறகு வெளிப் பிராகாரத்தில் நடப்பதைப்போல இருக்கிறது என்று அம்மா சொன்னார். மறுநாள் காலை பத்து மணிக்கு சாந்தோ தொமே தேவாலயம் திறந்தவுடன் உள்ளே சென்று, எல் கிரேக்கோ 1586 முதல் 1588 வரை வரைந்த 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' என்ற பெரும் ஓவியத்தின்முன் நின்றோம். ஓவியம் இருப்பது சிறிய இடம். அதற்குக் கீழேயே அந்தப் பிரபுவின் கல்லறையும் இருக்கிறது. ஏறத்தாழ பத்து நிமிடங்கள் எங்களைத் தவிர அங்கே நான்கு பேர்தான் இருந்தார்கள். மாட்ரிட்டிலிருந்து காலையில் கிளம்பும் குழுக்கள் வந்து சேர்வதற்குள் வெளியே வந்துவிட்டோம்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். மாட்ரிட் அறையை இடையில் காலி செய்து, எல்லாப் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு டொலேடோ சென்று, மீண்டும் மாட்ரிட்டில் வேறு அறை எடுத்தேன். பெட்டி கட்டுவதிலும், நண்பகலில் ஓர் அறையைவிட்டு மூன்று மணிக்கு மற்றொன்றில் நுழைவதிலும் இரண்டு அரைநாள்கள் கரைந்துபோயின. தங்கும் இரவைப் பயணத்தின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்திருக்க வேண்டும். அதாவது விமானம் இறங்கிய அன்றே டொலேடோ சென்றுவிட்டு, பிறகு மாட்ரிட் வந்து ஒரே அறையில் இருந்திருக்க வேண்டும்.

மாட்ரிட்டில் பணிபுரியும் உறுப்பினர்:

அக்கா சொன்ன டொலேடோவை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு எல்லா ஊரிலும் இரவு தங்க வேண்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆறு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களைப் பெரும்பாலும் பகலிலேயே அழைத்துச் சென்று திரும்பியிருக்கிறேன்.

மன்னர் இரண்டாம் ஃபெலிப்பே கட்டுவித்த, மடமும் அரண்மனையும் சேர்ந்த எல் எஸ்கோரியல் அப்படிப்பட்ட இடம். மொன்க்லோவா பேருந்து நிலையத்திலிருந்து 661 அல்லது 664ஆம் எண் பேருந்தில் சென்றால் மடத்துக்கு அருகிலேயே இறங்கலாம். புறநகர் ரயிலில் சென்றால் நிலையம் கீழே இருப்பதால் மேட்டில் ஏறிச் செல்ல வேண்டியிருக்கும். இதையெல்லாம் அறிந்திருந்த நான், என் பெற்றோர் வந்தபோது அவர்களை அங்கே அழைத்துச் சென்றது ஒரு திங்கட்கிழமையில். கதவு மூடியிருந்தது. கருங்கல் முற்றத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, எழுந்து வந்து விளக்கினார்: திங்களன்று எஸ்கோரியல், அரான்ஹுவேஸ், லா கிராங்ஹா ஆகிய மூன்று அரச மாளிகைகளும் மூடியிருக்கும், மாட்ரிட் அரண்மனை மட்டும் திறந்திருக்கும் என்று. அத்துடன் விடாமல் என் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிக்காட்டினார். 1563இல் தொடங்கி 1584இல் முடித்த அந்தக் கட்டடத்தின் அளவை, உள்ளே செல்ல முடியாமல் போன அன்றுதான் நாங்கள் உண்மையில் உணர்ந்தோம்.

புதன்கிழமை மீண்டும் சென்றோம். நூலகம், மன்னர்களின் கல்லறை மண்டபம், ஃபெலிப்பே உயிர்விட்ட சிறிய அறை என்று மூன்று மணி நேரம் நடந்தபின் அப்பாவால் அதற்கு மேல் எதையும் உள்வாங்க முடியவில்லை. ஊர் அழகானதுதான், காற்று குளிர்ச்சியானதுதான். ஆனாலும் பார்க்க வந்தது அந்த ஒரு கட்டடம், அது மாலையில் மூடிவிடும். ஐந்து மணிக்கு மாட்ரிட் திரும்பி, ஆறு முதல் எட்டு வரை கட்டணமின்றித் திறந்திருக்கும் பிராதோ அருங்காட்சியகத்துக்கு அன்றே சென்றோம். ஞாயிறன்று மட்டும் அந்த இலவச நேரம் ஐந்து முதல் ஏழு வரை.

அல்கலா தே எனாரேஸும் அரான்ஹுவேஸும் இவ்வகைதான். இரண்டுக்கும் செர்கனியாஸ் எனப்படும் புறநகர் ரயில் செல்வதால் முன்பதிவு தேவையில்லை; வானிலையைப் பார்த்துக் காலையில் முடிவு செய்யலாம். 'டான் குயிக்சாட்' எழுதிய செர்வாந்தேஸ் 1547இல் பிறந்த அல்கலாவில், கோபுர உச்சிகளில் கூடு கட்டியிருக்கும் நாரைகளைப் பார்க்கவே நான் பலமுறை சென்றிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

செகோவியாவைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். என் மகள் குடும்பத்துடன் ஜனவரியில் சென்றேன்.

சமார்த்தின் நிலையத்திலிருந்து வேக ரயில், குவாதர்ராமா மலையை 28 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் கடந்து, அரை மணி நேரத்துக்குள் செகோவியாவில் நிற்கும் என்று மகள் சொன்னாள். அது உண்மைதான். ஆனால் நின்ற இடம் வயல்வெளி; அங்கிருந்து 11ஆம் எண் பேருந்தில் ஊருக்குள் வர வேண்டும். தங்கியிருந்த வீட்டிலிருந்து சமார்த்தின் செல்லவும் நேரமாயிற்று. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், மொன்க்லோவாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் ஊருக்குள்ளேயே கொண்டுவந்து விடும் பேருந்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. திரும்பும்போது பேருந்திலேயே வந்தோம்.

என் அனுபவத்தில் பகல் பயணத்தைச் சுருக்குவது தொலைவன்று, மதிய உணவு. நாங்கள் சென்ற உணவகத்தில் ஒன்றரை மணிக்கு முன் அடுப்பே பற்றவைக்கவில்லை. நான் சைவம், முட்டையும் உண்பதில்லை. அவ்வூரின் பெரிய வெள்ளை மொச்சை நன்றாக இருக்கும் என்று படித்திருந்ததால் அதைக் கேட்டேன். பரிமாறிய பெண் அது பன்றி இறைச்சியுடன் வேகவைத்தது என்று தாமே சொல்லித் தடுத்தார். சொல்லாமல் விட்டிருந்தால் உண்டிருப்பேன். பக்கத்து மேசையில் பன்றிக்குட்டி வறுவலைத் தட்டின் விளிம்பால் வெட்டும் அவ்வூர்ச் சடங்கு நடந்துகொண்டிருக்க, அந்தப் பெண் சமையலறைக்கு இரண்டு முறை சென்று கேட்டுவந்து, சுட்ட குடைமிளகாய், பாலாடைக்கட்டி, ரொட்டி, ஆரஞ்சுப் பழம் என்று எனக்காக ஒரு தட்டைத் தயார்செய்து தந்தார். அவருடைய அக்கறையை நான் மறக்கவில்லை. ஆனால் எழுந்தபோது மணி மூன்றரை ஆகியிருந்தது. ஆறு மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும் மாதத்தில், அல்காசர் கோட்டைக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

இருந்தாலும் அங்கே இரவு தங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாந்து பூசாமல் கருங்கற்களை அடுக்கி ரோமானியர் எழுப்பிய நீர்ப்பாலம், அதன் உயரமான பகுதியில் 28 மீட்டர் நிமிர்ந்து நிற்கிறது. ஆறு மணிக்கு விளக்குகள் எரிந்தன. அதன் அடியில் அரை மணி நேரம் நின்று, குளிர் தாங்காமல் பேருந்து ஏறினோம். குளிர்காலத்தில் பகலில் போனவருக்கும் ஊரின் இரவு கிடைத்துவிடுகிறது. அம்மாவுடன் டொலேடோ சென்ற மகளுக்கு, அதற்கு முன் ஜூனில் தனியாகப் பகலில் போய்வந்தபோது கிடைக்காதது அதுதான். கோடையில் செல்வோர், 11 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் லா கிராங்ஹாவின் நீரூற்றுகள் சில மாலைகளில் மட்டுமே இயங்குவதால், செகோவியாவில் ஓர் இரவு தங்கலாம்.

சலமான்கா சென்றுவந்த உறுப்பினர்:

வேக ரயிலில் ஒரு மணி நாற்பது நிமிடங்கள் என்பதால் சலமான்காவையும் பகலில் முடித்துவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். 1218இல் தோன்றிய பல்கலைக்கழகத்தின் முகப்பில் மண்டையோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் தவளையைத் தேடிக்கொண்டிருந்தபோது, அருகில் நின்ற மாணவி ஒருத்தி, தவளையை விட்டுவிட்டு இருட்டும் நேரத்தில் பெரிய சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள் என்றாள். வில்லமயோர் என்ற பக்கத்து ஊர்க் கல்லால் கட்டிய சதுக்கம் அது. அந்தக் கல் மாலை வெயிலில் மஞ்சள் பூசியதுபோல் மாறும். விளக்கு எரியும் வேளையில் ஊர்மக்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். அறை எடுக்காமல் சென்றிருந்தால் அந்நேரம் ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருப்போம்.

வழியில் ஆவிலாவையும் பார்க்க எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை: சலமான்காவுக்கான வேக ரயில் ஆவிலா வழியாகச் செல்வதில்லை. மெதுவாகச் செல்லும் வட்டார ரயிலில்தான் ஆவிலாவில் இறங்கி, சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீள மதிலைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டியில் சலமான்கா செல்ல முடியும். பெரிய பெட்டியை மாட்ரிட் விடுதியிலேயே விட்டுவிட்டுத் தோள்பையுடன் செல்லுங்கள்.

புதிய உறுப்பினர்:

டிசம்பர் கடைசி வாரம், ஏழு நாள்கள், மனைவியும் ஐந்து வயதுக் குழந்தையும் உடன் வருகிறார்கள். எங்கே தங்குவது, எங்கே தங்காமல் வருவது என்று அக்காவும் ஐயாவும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அம்மாவுடன் சென்றுவந்த உறுப்பினர்:

தம்பி, ஐயா சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால் செகோவியாவைப் பகலிலேயே போய்வரலாம். காலை எட்டரைக்கு மேல்தான் விடியும் என்பதால் குழந்தையை ஐந்து மணிக்கு எழுப்பவும் வேண்டாம். எல் எஸ்கோரியல் ஐந்து வயதுக் குழந்தைக்குச் சலிப்பூட்டும். அதற்குப் பதிலாக அல்கலாவுக்குச் சென்று நாரைகளைக் காட்டுங்கள். டிசம்பர் 25 அன்றும் ஜனவரி 1 அன்றும் பிராதோ உட்படப் பல இடங்கள் மூடியிருக்கும்; அந்த நாள்களை மாட்ரிட் தெருக்களுக்கும் ரெத்தீரோ பூங்காவுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

டொலேடோவை நான் இப்போதும் ஓர் இரவு தங்கிப் பார்க்கவே சொல்வேன். குழந்தை களைத்துவிட்டால் படுக்கவைக்க அருகிலேயே அறை இருக்கும். அதை முதல் நாளிலேயே வையுங்கள். விமானம் தாமதமானால் அவாந்த் ரயில் சீட்டு வீணாகலாம், எனவே அதை முன்கூட்டி வாங்க வேண்டாம். மாட்ரிட்டின் பிளாசா எலிப்திகா பேருந்து நிலையத்திலிருந்து டொலேடோவுக்குப் பேருந்துகள் அடிக்கடி கிளம்புகின்றன. வந்திறங்கிய பிறகு கிடைக்கும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். அறையை மதிலுக்கு உள்ளே எடுங்கள். வெளியே எடுத்தால், இரவு உணவுக்குப் பின் உறங்கிவிட்ட குழந்தையைச் சுமந்துகொண்டு குளிரில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும்.